கண் கேட்டவருக்குக் கோல்

பூண்டி ஊன்றீஸ்வரர் கோயிலில் கூட்டமே இருக்காது, நிம்மதியாகக் கும்பிடலாம் என்று அக்கா சொல்லித்தான் கூட்டிப்போனாள். அது சரியாகத்தான் இருந்தது, அர்ச்சகரையும் எங்கள் இருவரையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. திருவெண்பாக்கம் என்று தேவாரத்தில் வரும் தலம் இதுதான். ஆனால் தேவாரம் பாடிய சுந்தரர் வந்து நின்ற அந்தப் பழைய இடம் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. சென்னையின் குடிதண்ணீருக்காக 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடித்தார்கள், அதற்காகச் சாமியே வீடு மாற வேண்டியதாகிவிட்டது.

எனக்கு அந்த வாரம் மனசே சரியில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதவி உயர்வு என் பக்கத்து இருக்கைக்காரருக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்கு வந்தால் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். "எல்லாம் நல்லதுக்கே, பாசிட்டிவா இரு" என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சொன்னார்கள். அடிபட்டவனிடம் அதைச் சொல்வதைப் போல எரிச்சல் கிளப்புவது வேறில்லை என்பது என் கட்சி.

இந்தக் கோயிலின் கதை அந்த மாதிரி ஆறுதல் கதை இல்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், தான் மணக்கவிருந்த சங்கிலியாரிடம் "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்துகொடுத்த சுந்தரர், வசந்த காலம் வந்ததும் திருவாரூர் ஞாபகம் தாங்காமல் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. தட்டுத் தடுமாறி இங்கே வந்து, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று சிவனைக் கேட்கிறார். சிவனுக்கே நண்பர் என்பதால் தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவர் அவர், நண்பனிடம் கேட்கிற உரிமையோடு கேட்கிறார். உள்ளேயிருந்து வந்த பதில் "உளோம் போகீர்", அதாவது இருக்கிறோம், நீர் போம்! கண்ணுக்குப் பதிலாகக் கையில் ஓர் ஊன்றுகோல். வேறு ஒன்றும் இல்லை.

கோபத்தில் அந்தக் கோலை வீசியடித்தார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்துபோனது என்பது தலவரலாறு. இன்றைக்கும் நந்திக்கு ஒரு கொம்பு முழுசாக இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் கொம்பு வளைந்து நிற்கிறது, மறுபக்கம் மொட்டையாக முடிகிறது. எவ்வளவோ பேர் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்த அந்த மொட்டை மேல் அன்று யாரோ ஒற்றைச் செவ்வரளியை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சாமியை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலே பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார். இங்கே என்னடாவென்றால் ஒரு பக்தனின் கோபத்தை மறைக்காமல் சன்னதிக்கு முன்னாலேயே வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றியது அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றி. எறிந்தாகிவிட்டது, கண்ணோ தெரியாது. தரையைத் தடவித் தடவி அந்தக் கோலைத் தேடியிருப்பார் இல்லையா? கையில் அகப்பட்டபோது இது கண் இல்லையே என்ற ஆத்திரமும் இருந்திருக்கும், இதையாவது கொடுத்தாரே என்ற நினைப்பும் மெல்ல வந்திருக்கும். இரண்டும் ஒரே கையில். அம்பாள் மின்னலாக வெளிச்சம் காட்டி வழியனுப்பினாள், அதனால்தான் இங்கே அவளுக்கு மின்னொளி அம்பாள் என்று பெயர்.

அங்கிருந்து அவர் திருவாலங்காடு, தக்கோலம் என்று நடந்து காஞ்சிபுரம் போனார். நாங்கள் காரில் நேரே காஞ்சிக்குப் போய்விட்டோம்.

ஏகாம்பரநாதர் கோயிலில் நல்ல கூட்டம். ஒருவழியாகக் கிட்டே நெருங்கும்போது திரை போட்டுவிட்டார்கள். அலங்காரமாம். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். "ஏண்டா, திரைக்கு அந்தப் பக்கம் சாமி எங்கேயும் போயிடலையே, பேசாம நில்லு" என்றாள் அக்கா. நின்றேன். சுந்தரருக்கு இங்கே ஒரு கண் கிடைத்தது, இடது கண் மட்டும். கேட்டதில் சரிபாதி. அதற்கே கம்பனை (ஏகாம்பரநாதரைத்தான் அப்படிச் சொல்கிறார்) காண எனக்குக் கண் கிடைத்ததே, கிடைத்ததே என்று பாட்டுக்குப் பாட்டு வியந்து பாடியிருக்கிறார். இன்னொரு கண் எங்கே என்ற கேள்வி அந்தப் பதிகத்தில் இல்லை.

சரி, எனக்கு இருக்கிற ஒரு கண் எது என்று திரைக்கு முன்னால் நின்றபடி யோசித்துப் பார்த்தேன். வேலை இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு வந்துவிட்டார். அம்மா படுத்திருந்த அந்த நாட்களில் யார் எனக்காக இரவு ஷிஃப்ட் பார்த்தது என்ற இடத்துக்கு வந்ததும் யோசனை அப்படியே நின்றது. பக்கத்து இருக்கைக்காரர்தான். இப்போது என் பதவியில் (என் பதவி என்றுதான் அப்போதும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது) உட்கார்ந்திருக்கிற அதே மனிதர். ஒரு நாள்கூட அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஊரே வாழ்த்தியபோது நான் மட்டும் அவருக்கு ஒரு வார்த்தை அனுப்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திரை விலகியது. மண்ணால் ஆன லிங்கம், அதனால் அதன்மேல் அபிஷேகம் கிடையாது. தீபாராதனை வெளிச்சத்தில் பார்த்தது சில விநாடிதான், அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து கோபுர நிழலில் உட்கார்ந்து அவருக்கு வாழ்த்து அனுப்பினேன், அம்மாவுக்காக அன்று செய்ததற்கு நன்றியும் சேர்த்து. மனசார அனுப்பினேனா என்றால், பாதி மனசோடுதான். அனுப்பிய பிறகு மீதியும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது என்பது நிஜம்.

ஆனால் உயர்வு கிடைக்காத வருத்தம் போய்விட்டதா? இல்லை. போக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை என்று நினைக்கிறேன். காஞ்சியில் அப்படி உருகிய அதே சுந்தரர் திருவாரூர் போனதும், மற்றக் கண்ணைத் தராவிட்டால் "வாழ்ந்து போதீரே" என்று, நீரே நல்லா இரும் என்கிற தொனியில், தியாகேசரிடம் சண்டை போட்டிருக்கிறார். வலது கண்ணை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

திருவாரூருக்கு அடுத்த மாதம் போகலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "எதுக்கு, சண்டை போடவா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.