பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ட்ரை பைக்: முதல் ஆறு வாரம்

பழைய அலுமினிய ரோடு பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு ட்ரை பைக், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்கான சைக்கிள், வாங்கி ஆறு வாரம் ஆகிறது. அடுத்த வருஷம் அரை அயர்ன்மேன் என்கிற ட்ரையத்லானை முடிக்க வேண்டும், 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கு மேல் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அதனால் சைக்கிளை விட்டு இறங்கும்போது காலில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

ரோடு பைக்கில் சீட் குழாய் 73 டிகிரி பக்கம் சாய்ந்திருக்கும், இதில் 76, 78 என்று நிமிர்ந்து நிற்கும். இடுப்பு முன்னால் வந்துவிடுவதால், ஹேண்டிலிலிருந்து முன்னால் நீளும் ஏரோபார் கம்பிகளின் பேடில் முழங்கையை ஊன்றி எவ்வளவு குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிப்பதில்லை. பழைய பைக்கிலேயே ஏரோபார் மாட்டி ஒரு வருஷம் முயன்றவன் நான், பத்து நிமிஷம் தாண்டியதில்லை.

இதிலும் முதல் இரண்டு வாரம் கழுத்து விண்விண்ணென்று வலித்தது. பேடை 2 சென்டிமீட்டர் உயர்த்தினேன், அப்புறம் நாற்பது நிமிஷம் நிமிராமல் ஓட்ட முடிகிறது. காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு நம் உடம்புதான், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்தால் தாழ்வாகக் குனிந்ததெல்லாம் வீண்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் வரை ஜூன் மாத எதிர்காற்றில் பழைய பைக்கில் 46 நிமிஷம் ஆகும், இப்போது 41. டீக்கடைப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க தம்பி, படுத்துட்டே வர்றீங்களே, அவசரத்துக்கு பிரேக் எட்டுமுங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கியர் ஏரோபார் நுனியில், பிரேக்கோ வெளிப்பக்க ஹேண்டிலில். அதனால் ஊருக்குள் நான் குனிவதே இல்லை.

நான்காம் வாரம்தான் பயந்துபோனேன். கிணத்துக்கடவிலிருந்து தெற்கே திரும்பி வரும்போது மேற்குக் காற்று வலப்பக்கம் அடிக்கும், நாமும் அறியாமல் வலப்பக்கமே சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம். ஒரு லாரி முந்தியபோது அது காற்றை மறைத்துவிட, சைக்கிள் லாரியை நோக்கியே இழுத்தது, லாரி கடந்த மறுநொடி இடப்பக்க மண்ணில் தள்ளியது. விழவில்லை. ஆனால் தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்குகிற ஒவ்வோர் இடத்திலும் அன்று கை நடுங்கியது.

காரணம் முன்சக்கரம். 60 மில்லிமீட்டர் உயர கார்பன் ரிம், பக்கக் காற்று அதில் பாய்மரம் மாதிரி பிடிக்கும், ஹேண்டிலையே திருப்பிவிடும். பின்சக்கரம் ஹேண்டிலோடு திரும்பாது, எனவே அங்கே உயர ரிம் இருந்தாலும் அவ்வளவு தொல்லையில்லை. பழைய பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன், சக்கர நடுவிலுள்ள ஹப்பின் அளவு அப்படியே பொருந்தியது. முன் பிரேக் பேடை மட்டும் சாதா ரப்பருக்கு மாற்ற வேண்டியிருந்தது. கார்பனுக்கான பேடும் அலுமினியத்துக்கான பேடும் வேறு, கலந்து போட்டால் அலுமினியத் துகள் ஒட்டிய பேட் பிறகு கார்பன் ரிம்மைக் கீறிவிடும். கோபாலபுரத்துக்கு இப்போதும் 41 நிமிஷம்தான், அரை நிமிஷம் கூடியிருக்கலாம். ஆடி முடிகிறவரை இந்தச் சக்கரம்தான்.

போன ஞாயிறு கொழிஞ்சாம்பாறை போய் வந்து, இறங்கிய சூட்டோடு 5 கிலோமீட்டர் ஓடினேன். முன்பெல்லாம் முதல் ஒரு கிலோமீட்டர் கால் மரக்கட்டையாக இருக்கும். இந்த முறை தெருமுனை தாண்டுவதற்குள் கால் சரியாகிவிட்டது.