கெடு

2008-இல் ஒரு நடுத்தரக் கட்டுமான நிறுவனத்தில் நிலம் வாங்கும் வேலையில் இருந்தேன். படூர், கேளம்பாக்கம், தாழம்பூர் என்று பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமே அலைச்சல். காலையில் புரோக்கர் சொன்ன விலை மாலையில் சென்ட்டுக்கு இன்னும் ஏறியிருக்கும். விட்டால் கிடைக்காது என்ற பயத்தில் முழுப் பணமும் கொடுத்து இரண்டு இடங்களைக் கிரயம் செய்தோம். செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. இங்கே ஐ.டி. பிள்ளைகளுக்கு வேலை பயம் வந்தது, புக்கிங் அப்படியே நின்றுபோனது.

நிலம் வாங்குவதற்குத் தனியார் கட்டுநருக்கு வங்கி கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் போட்டதெல்லாம் சொந்தப் பணமும் வெளியே அதிக வட்டிக்கு வாங்கியதும்தான். ஒரு திட்டத்தின் புக்கிங் பணம் அடுத்த நிலத்தின் அட்வான்ஸாகப் போவதும் உண்டு. அது தவறு என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, வீடு வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. நல்லதுதான்.

மூன்றாவதாக ஓர் இடத்துக்கு அக்ரிமெண்ட் மட்டும் போட்டிருந்தோம். படூர் பக்கம் ஒரு பெரியவருடைய நிலம், பாக்கிக்கு ஆறு மாதக் கெடு. அட்வான்ஸ் போனால் போகட்டும், விட்டுவிடலாம் என்றார்கள் அலுவலகத்தில். கணக்குப்படி சரிதான். ஆனால் நிலத்தின் பழைய மூலப்பத்திரமான தாய்ப்பத்திரத்துக்காக நான்கு முறை அந்த வீட்டுக்குப் போனவன் நான். பாக்கிப் பணத்தை நம்பி அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்திருந்தார்.

நேரில் போய் நிலைமையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பி, வெலையக் கொறைக்கச் சொல்லாதீங்க, அது எங்கப்பா சம்பாதிச்ச நெலம். டயம் வேணும்னா கேளுங்க" என்றார்.

நான் விலையைக் குறைக்கக் கேட்கத்தான் தயாராகப் போயிருந்தேன். மந்தம் வந்தால் நிலம் மலிவாகும் என்று வெளியில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அவசரம் இல்லாதவர் விலையை இறக்க மாட்டார், விற்காமல் இருந்துவிடுவார். அவர் விட்டுக்கொடுப்பது கெடுவிலும் பணம் தரும் முறையிலும்தான்.

கல்யாணச் செலவுக்கு ஈடாக ஒரு பகுதியை மட்டும் கிரயம் வாங்கிக்கொண்டு, மீதியை ஜாயிண்ட் வென்ச்சராக்கி, கட்டி முடித்ததும் அவர் பங்குக்கு வீடுகள் தருவதாகப் பேசினோம். முதலாளியைச் சம்மதிக்கவைக்க மூன்று வாரம் ஆயிற்று. முழுப் பணம் கொடுத்த இரண்டில் ஒன்றை வட்டி தாங்காமல் நஷ்டத்துக்கு விற்றோம். பெரியவர் நிலத்தில் கட்டடம் எழும்பியது.

அப்புறம் 2015 வெள்ளம், 2016 பணமதிப்பிழப்பு என்று வேறு சரிவுகளும் வந்தன. வெள்ளத்துக்குப் பிறகு எந்த இடமானாலும் ஒரு மழைநாளில் போய்ப் பார்க்காமல் சரி சொல்வதில்லை.

இப்போது இளையவர்கள் அக்ரிமெண்ட் நகலோடு வந்தால் விலையைப் பார்க்கும் முன் கெடுவைப் பார்க்கிறேன். பாக்கிப் பணத்தை வைத்து நிலக்காரர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்கிறேன். பலருக்குத் தெரிவதில்லை. கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.