அப்பாவின் நிலமும் வரி வக்கீலும்

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. அப்பாவின் போனில் இடமே இல்லை என்று பழைய குறுஞ்செய்திகளை அழித்துக்கொண்டிருந்தேன். கேஸ் புக்கிங், ரீசார்ஜ், வங்கி என்று போன வரிசைக்கு நடுவே வருமான வரித்துறையிலிருந்து நான்கு செய்திகள். முதலாவது வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு 78 வயது. விவசாயி. வாழ்நாளில் ஒரு தடவைகூட வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. பான் எண்ணை ஆதாரோடு இணைப்பதற்காக ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கடைக்காரர் அப்பா பெயரில் கணக்கு தொடங்கும்போது மின்னஞ்சல் முகவரிக்குத் தன்னுடையதையே கொடுத்துவிட்டார். நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போயிருக்கின்றன. ஆதார் ஓடிபி வைத்துக் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனேன். 2024 மார்ச்சில் வருமான வரிச் சட்டத்தின் 148-ஏ பிரிவின் கீழ், அந்த வருட வருமானத்தை ஏன் மறுபடி ஆராயக்கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஆராயப் போகிறோம் என்று 148 நோட்டீஸ், அப்புறம் விவரம் கேட்டு 142(1). எதற்கும் பதில் போகவில்லை. கடைசியாக 2025 மார்ச் 18 தேதியிட்ட உத்தரவு. பதிலே வராததால் கையில் இருந்த தகவலை வைத்து 144-இன் கீழ் முடித்துவிட்டார்கள். வரியும் வட்டியும் சேர்த்து 28 லட்சத்துச் சொச்சம்.

விஷயம் எங்கள் நிலம். பொள்ளாச்சியை ஒட்டி 1 ஏக்கர் 80 சென்ட் தென்னந்தோப்பு இருந்தது. 2019 ஆகஸ்டில் 62 லட்சத்துக்குக் கிரையம் செய்துகொடுத்தார் அப்பா. 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரையங்களைப் பத்திரப்பதிவு அலுவலகம் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. தகவல் அந்த வழியாகப் போயிருக்கிறது. முழு 62 லட்சத்தையும் மூலதன ஆதாயம், அதாவது சொத்தை விற்றதில் கிடைத்த லாபம், என்று எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கடைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் அன்று சாயங்காலமே ஓடினேன். உத்தரவை முழுசாகப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "மேல்முறையீட்டை நானும் போடலாம்மா. ஆனா இதுல நிலம் எப்படிப்பட்டதுன்னு வாதாடணும், வசூலுக்குத் தடை கேட்கணும், தேவைப்பட்டா ஹைகோர்ட் வரைக்கும் போகணும். வரி வழக்கு மட்டுமே பார்க்கிற வக்கீலா பாருங்க." கிடைக்கிற வேலையை விட்டுக்கொடுத்து அப்படிச் சொன்ன மனிதரை நான் மறக்க மாட்டேன்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேருக்குப் பேசினேன். ஒருவர் உத்தரவைப் பார்க்காமலேயே, "எல்லாம் முடிச்சிடலாம், மிச்சமாகிற தொகையில ஒரு பங்கு கொடுத்தா போதும்" என்றார். ஜெயித்தால் இவ்வளவு என்று வக்கீல் கட்டணம் பேசுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இன்னொருவர் சிவில் வழக்குகள்தான் அதிகம் பார்ப்பவர், அதை அவரே சொல்லிவிட்டார். மூன்றாவதாகக் கோவையில் ஒரு பெண் வக்கீல். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "உத்தரவு என்னைக்குக் கைக்கு வந்துச்சு?" தேதியைச் சொன்னேன். "முப்பது நாள்தான் கெடு. ஏப்ரல் 17. நடுவுல மகாவீர் ஜெயந்தி, சித்திரை ஒண்ணு எல்லாம் லீவு. புதன்கிழமை வந்துடுங்க." அவரிடம்தான் போக வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

இடையில் மூன்று நாள். அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தோம். தாய்ப்பத்திரம், 2019 கிரையப் பத்திரத்தின் நகல், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வங்கிப் பாஸ்புக்குகள் எல்லாம் இருந்தன. கிஸ்தி (நிலவரி) ரசீதுகளை வருடவாரியாகக் குண்டூசி குத்தி, பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் வைத்திருந்தார். ஊசி துருப்பிடித்து ரசீதுகளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. மண்டியில் தேங்காய் போட்ட துண்டுச்சீட்டுகள்கூட 2015 வரைக்கும் இருந்தன. வரித்துறைத் தளத்திலிருந்து எல்லா நோட்டீஸையும் உத்தரவையும் அப்பா பெயரில் பதிவான வரி விவரங்களைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் அச்செடுத்தேன். பிறகு ஒரே ஒரு தாளில், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதினேன்: நிலம் தாத்தாவிடமிருந்து வந்தது, விற்றது, பணம் வந்தது, அதில் எவ்வளவு எங்கே போனது, எந்த நோட்டீஸ் எப்போது. பணம் போன கணக்கை எழுதத்தான் நேரம் பிடித்தது. அம்மாவின் ஆபரேஷன், தம்பியின் கடன், மிச்சம் டெபாசிட் என்று அப்பா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, பாஸ்புக்கோடு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் கிணறு வறண்டு, மரங்கள் பட்டுப்போயின. எல்லாவற்றையும் வெட்டினோம். விற்கும்போது அது தோப்பே இல்லை. விவசாய நிலம் என்று சொல்லித்தானே தப்பிக்கப் போகிறோம், இதைச் சொன்னால் கெட்டதே என்று பயந்தேன். பஸ்ஸில் போகும்போது, "தோப்புன்னு மட்டும் சொல்லுங்கப்பா" என்று அப்பாவிடமும் சொல்லிவைத்தேன்.

வக்கீல் என் தாளை இரண்டு தடவை படித்தார். அப்பாவை "ஐயா" என்று கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். நிலம் நகராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம்? "நாலு கிலோமீட்டருங்க" என்றார் அப்பா. "ரோட்டுத் தூரம் வேண்டாங்க ஐயா, காக்கா பறக்கிற தூரம்" என்று கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தார். கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்து ஆகாது, அதை விற்றால் ஆதாய வரி கிடையாது. ஆனால் எது கிராமப்புறம் என்பதைத் தூரமும் மக்கள்தொகையும் தீர்மானிக்கின்றன. பக்கத்து நகரத்தின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பொள்ளாச்சி ஒரு லட்சத்துக்குக் கீழே. எங்கள் நிலத்துக்கு நேர்கோட்டில் இரண்டரைக்குக் கொஞ்சம் கூட வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவர் அதோடு விடவில்லை. "பக்கத்துல பேரூராட்சி எதுவும் இருக்கா? அதையும் நகராட்சின்னு எடுத்துக்குவாங்க. எல்லாத்துக்கும் அளந்து தாசில்தார்கிட்ட சான்று வாங்கணும்." ஏக்கர் கணக்கில் விற்றோமா, சென்ட் கணக்கிலா, விற்கும் முன்பே மனைப்பிரிவுக்கு யாராவது மனுப் போட்டார்களா என்றும் கேட்டார்.

"விற்கும்போது என்ன பயிருங்க ஐயா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். மடியில் இருந்த மஞ்சப்பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே, "மரமெல்லாம் பட்டுப்போச்சுங்க அம்மிணி. வெட்டிப்போட்டோம்" என்றார்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் சும்மா கிடந்துச்சுங்களா?"

"சும்மா எப்படிங்க போடறது? மானாவாரியா சோளம் வெதச்சனுங்க. மாட்டுக்குத் தட்டு வேணுமில்லீங்களா."

"ரெண்டு வருஷமுமா?"

"ரெண்டு வருஷமுந்தானுங்க."

"அடங்கல்ல ஏறியிருக்கா?"

எந்த வருடம் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதிவைக்கும் பதிவேடுதான் அடங்கல். அதில் ஏறியிருக்கிறதா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தது தோப்பாக இருந்த காலத்து அடங்கல் மட்டும்தான். அவர் என் பக்கம் திரும்பினார். "தோப்புன்னு எழுதிக் கொடுத்து, அடங்கல்ல வேற வந்திருந்தா நம்ம மனுவே செத்துப்போயிருக்கும். எங்கிட்ட சொல்றது வெளியே போகாதுங்க, சட்டமே அதுக்குப் பாதுகாப்பு கொடுக்குது." 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு அது. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியிட முடியாது. ஆடிட்டரிடம் சொல்வதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது.  திறக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் வாயைக் கட்டப் பார்த்திருக்கிறேன்.

மிச்சத்தை அவரே வரிசையாகச் சொன்னார். 35-ஆம் எண் படிவத்தில் மேல்முறையீடு, கட்டணம் ஆயிரம் ரூபாய். கணக்கே தாக்கல் செய்யாதவர், வருடம் முடியும் முன்பே கட்ட வேண்டிய முன்கூட்டிய வரிக்குச் சமமான தொகையைக் கட்டினால்தான் மனு ஏற்கப்படும் என்று 249(4)-இல் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு விலக்குக் கேட்டுத் தனியாகக் காரணம் எழுத வேண்டும். அதிகாரி முன்பு காட்டாத ஆதாரங்களை இப்போது காட்ட 46-ஏ விதியின் கீழ் ஒரு மனு. வசூலை நிறுத்திவைக்கப் பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஐந்தரை லட்சத்துக்கு மேல். வயது, வருமானம் இல்லாதது, நோட்டீஸ் வேறு முகவரிக்குப் போனது எல்லாம் எழுதிக் குறைத்துக் கேட்கலாம் என்றார். 144 உத்தரவு என்பதால், மேல்முறையீட்டு ஆணையர் புதிதாக விசாரிக்கச் சொல்லி அதிகாரிக்கே திருப்பி அனுப்பலாம், 2024 அக்டோபரிலிருந்து அந்த அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். கட்டணம் கேட்டேன். மேல்முறையீட்டுக்கு இவ்வளவு, தடை மனுவுக்கு இவ்வளவு, டிரிபியூனல் போனால் அது தனி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது கிணத்துக்கடவு தாண்டும் வரை அப்பா பேசவில்லை. அப்புறம், "தப்பாச் சொல்லிப்போட்டனா கண்ணு?" என்றார். இல்லைப்பா என்றேன். நான் சொல்லிவைத்ததுதான் தப்பு என்றும் சொன்னேன்.

ஏப்ரல் 16 மதியம் மனு ஏறியது. அடங்கல் நகலுக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தேன். மே மாதம் கிடைத்தது. 1427, 1428 இரண்டு பசலிக்கும் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) நீல மையில் ஒரே கையெழுத்து: சோளம், மானாவாரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா அந்த வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் கிஸ்தி ரசீது உறையை எடுத்துவரச் சொல்லி, அதையும் அதோடு சேர்த்து வைத்தார்.