42 வயதில் முதல் நீச்சல் போட்டி

இந்த வயதில் போட்டிக்குப் போகலாமா என்று கேட்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், தாராளமாகப் போகலாம். பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவு தொடங்குவதே 25 வயதில்தான், அப்புறம் 30-34, 35-39 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிப்பதால் நம் வயதுக்காரர்களோடுதான் போட்டி. டைவ் அடிக்கத் தெரியாதே என்ற பயத்தில் நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். மாஸ்டர்ஸ் விதிப்படி குளத்தோரம் இருக்கும் தொடக்க மேடையிலிருந்துதான் குதிக்கவேண்டும் என்று இல்லை, குளத்தின் ஓரத்தில் நின்று குதிக்கலாம், தண்ணீருக்குள் இருந்தே சுவரை உதைத்தும் கிளம்பலாம்!

முதலில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போதும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை மாதிரி நீந்துவது) என்றால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடவேண்டும். நான் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒரு கையால் தொட்டு, முதல் போட்டியிலேயே தகுதி இழந்தேன், அன்று அழுதேவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் அதே 100 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். யாராவது கூட வருகிறீர்களா?