நுண்குழாயின் சுவர் தெளிவாகத் தெரிந்த நாள்

எலியின் தொடைத் தசையில் ஓடும் இரத்த நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இணைப்புத் திசுவையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்வதே என் முனைவர் பட்ட ஆய்வின் முதற்பணியாக இருந்தது. திசுவை வெட்டி திசுவைச் சிதையாமல் உறையவைக்கும் 2.5 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு கரைசலில் இட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் முதற்படங்களில் குழாய்கள் பலவும் மூடிக் கிடந்தன. குழாயின் உட்சுவராக அமையும் எண்டோதீலியச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாக்கள் உப்பியிருந்தன. இணைப்புத் திசுவின் புரதமான கொலாஜன் இழைகளுக்கிடையே வெற்றிடங்கள் தெரிந்தன. இவற்றையெல்லாம் நோயின் அறிகுறி என்று எழுதிவிட எவருக்கும் தோன்றும். அதனாலேயே இதைப் பகிர்கிறேன்.

குளூட்டரால்டிஹைடு திசுவுக்குள் மிக மெதுவாகவே ஊறும். நான் வெட்டிய துண்டுகளோ 3 மில்லிமீட்டர் கனம் இருந்தன. நடுப்பகுதியை அது எட்டுவதற்குள் செல்கள் சிதையத் தொடங்கிவிட்டன. எனவே அடுத்த முறை, உரிய அனுமதியுடன், ஆழ்ந்த மயக்கத்திலிருந்த விலங்கின் இதயத்தின் இடது கீழறை வழியாகவே அக்கரைசலைச் செலுத்தினோம். இரத்தம் ஓடிய பாதையிலேயே அதுவும் ஓடியதால் குழாய்கள் விரிந்த நிலையிலேயே உறைந்தன. அதன்பிறகே தசையை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினேன்.

ஆஸ்மியம் டெட்ராக்சைடில் மேலும் உறையவைத்தல், ஆல்கஹாலில் நீரகற்றல், பிசினில் பதித்தல், 60 டிகிரி அடுப்பில் இரண்டு நாள் கெட்டிப்படுத்தல் என்று மற்றவை வழக்கம்போல் நடந்தன. (ஆஸ்மியத்தின் ஆவி கண்ணைக் கெடுக்கும், நச்சாவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கி அறைக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது.) கெட்டியான பிசின் கட்டியை மெல்லியதாகச் சீவும்போது, வைரக் கத்தியின் பின்னுள்ள நீர்த்தொட்டியில் சீவல்கள் ஒன்றையொன்று ஒட்டிய நாடாவாக மிதந்துவரும். பொன்னிறமாக மின்னினால் கனம் அதிகம் என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளி நிறத்தில் வருபவற்றை மட்டும் 3 மில்லிமீட்டர் செப்பு வலைகளில் ஏந்தினேன். படத்தில் உறுப்புகள் பிரிந்து தெரிய ஈய சிட்ரேட் சாயமிடும்போது மூச்சைக்கூட அருகில் விடக்கூடாது; மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் ஈயக் கார்பனேட் கரும்புள்ளிகளாகப் படிந்துவிடும். தட்டில் அவ்வாயுவை உறிஞ்சும் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சுற்றி வைத்துத்தான் அதைத் தவிர்த்தேன்.

இம்முறை குழாய் வட்டமாகத் திறந்திருந்தது. எண்டோதீலியச் செல்லின் விளிம்பு நெடுகக் குடுவை வடிவச் சிறு குழிகள் தெரிந்தன. அதன் வெளியே செல்களைத் தாங்கும் மெல்லிய படலமான அடித்தளச் சவ்வு சாம்பல் கோடாகச் சென்று, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, குழாயை வெளியிலிருந்து தழுவும் பெரிசைட் செல்லின் கரத்தை உள்ளே அணைத்துக்கொண்டு மீண்டும் ஒன்றுசேர்ந்தது. அதற்கப்பால், குறுக்கே வெட்டுண்ட கொலாஜன் நாரிழைகள் புள்ளிகளாகவும், நெடுக்கே கிடந்தவை ஏறத்தாழ 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டை வீதம் வரிவரியாகவும் இருந்தன. முன்பு வெற்றிடம் கண்ட இடங்கள் இப்போது மூடியிருந்தன.