பொந்துக்குள் ஒரு மஞ்சள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

காலையில் திருப்பூரிலிருந்து கிளம்பி, பதினொரு மணிக்கெல்லாம் ஆனைமலையில் மாமாவின் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன். வேர் வாடல் நோய் தாக்கிய தென்னைகளை வெட்டப் போகிறார்கள். அதோடு இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) ஓரத்துப் புளியமரத்தையும் விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டார் மாமா. நிழல் விழுகிறதாம்.

இரவு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போனேன். புளியமரத்தில் நெஞ்சு உயரத்தில் ஒரு பொந்து உண்டு. அதன் வாயில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி அப்பிக் கிடந்தது. சாம்பல், வெள்ளை, கறுப்பு என்று பட்டையோடு பட்டையாக ஒட்டிப்போன உடம்பு. டார்ச் வெளிச்சத்தில் கால் மயிர் மினுங்கியிருக்காவிட்டால் கடந்து போயிருப்பேன்.

செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஒரு ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன். முன்கால்கள் இரண்டு ஜோடியும் மேலே எழும்பின. கால்களின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள், நடுவில் கறுப்புப் பட்டை! சாயப்பட்டறையில் பத்தொன்பது வருடமாக ஷேடு பார்க்கிறவன் நான். மஞ்சள் துணியில் ஏறும்போது ஒன்று பச்சைக்குச் சாயும், இல்லை சிவப்புக்குச் சாயும். இது எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் அது பொந்துக்குள் போய்விட்டது. மோட்டார் போட மறந்து திரும்பி வந்து, மாமாவிடம் திட்டு வாங்கினேன்.

ஜூன் 10, திங்கள்

டாரன்டுலாதான், மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்திக் குடும்பம். அதில் பொய்சிலோதீரியா என்ற பேரினம். கிரேக்கத்தில் 'பல நிற விலங்கு' என்று பொருள்படும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. தரையில் வளை தோண்டாமல் மரப்பொந்தில் குடியிருக்கும். எந்த இனம் என்று சொல்ல அதைப் பிடித்து அடிவயிற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு எனக்கு மனமில்லை, தைரியமும் இல்லை. அமெரிக்க டாரன்டுலாக்களில் பல, வயிற்று மயிரைக் காலால் உதைத்து எதிரியின் கண்ணிலும் தோலிலும் தூவும். நம்முடையதற்கு அந்த ஆயுதம் கிடையாது. ஆனால் கடித்தால் தசைகள் இழுத்துப் பிடிக்கும், அந்த வலி நாள்கணக்கில் நீடிக்கும். ஈர்க்குச்சியின் நீளத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) போனில் சொன்னேன். "உன் அப்புச்சி இருக்கும்போதே அந்தப் பொந்தில் ஒன்று இருந்தது சாமி. நாங்கள் யாரும் அதைச் சீண்டியதில்லை" என்றார். பெண் சிலந்தி பத்து வருடத்துக்கு மேல் வாழும் என்றாலும், அப்புச்சி போய் இருபத்தாறு வருடமாகிறது. அதே சிலந்தியாக இருக்க முடியாது. ஆனால் இந்த வகையில் தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் கொஞ்ச காலம் சேர்ந்து குடித்தனம் நடத்துவதுண்டு. பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ வீட்டை விடாமல் இருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

கருநீலத்தில் சாயமேற்றிய ஒரு லாட் துணி திரும்பி வந்துவிட்டது. நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஒரு மாதிரி, கடை வெளிச்சத்தில் வேறு மாதிரி தெரிகிறது என்று வாங்குபவர் சொல்கிறார். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

இரவு, அதே எரிச்சலில், நீலச் சிலந்தியைப் பற்றிப் படித்தேன். இதே பேரினத்தில் முழுக்க நீலமாக ஒன்று இருக்கிறது: பொய்சிலோதீரியா மெட்டாலிகா. அந்த நீலத்தில் சாயமே கிடையாது. மயிருக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறி நீலமாகத் திரும்புகிறது, மயிலிறகைப் போல. ஆனால் மயிலிறகைச் சாய்த்தால் நிறம் மாறும். டாரன்டுலா நீலம் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. டாரன்டுலாக் குடும்பத்தில் இந்த நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்றும், அடுக்குகளின் அமைப்பு வேறு வேறாக இருந்தும் எல்லாமே 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே வந்து நிற்கின்றன என்றும் 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. நான் ஒரே டேங்கில், ஒரே ரெசிபியில் இரண்டு முறை அதே நீலம் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அதன் கதையும் சுவாரசியம். 1899-இல் ரெஜினால்ட் போகாக் அதற்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு சிலந்தி. ஆந்திராவில் குத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்தது. அதன் பிறகு நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டார்கள், குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி. வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்திக்கு, இறங்கின ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது: வழக்கில் அதைக் குத்திச் சிலந்தி என்றே சொல்கிறார்கள்.

புளியமரம் லாரி ஏறினால் எந்த ஊர் மரக்கிடங்கு என்று யோசித்தேன். காங்கயமாக இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

லேப் பையனிடம் சிலந்தியின் படத்தைக் காட்டினேன். "அண்ணா, இது என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. வெளிநாட்டில் இவற்றை வீட்டில் வளர்க்கிறார்கள். 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது என்றேன். இனி யாருக்கும் படம் காட்டுவதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மாமாவிடம் பேசினேன். "மாப்பிள்ளை, எட்டுக்கால் பூச்சிக்காக வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்றார். அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிசைந்தபடி நான் பதில் பேசவில்லை.

மூன்று மணிக்கு மர வியாபாரி வந்தார். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தை நாலு இடத்தில் தட்டினார். கீழே 'டொப்' என்றது, பொந்துக்குப் பக்கத்தில் பானையைத் தட்டியது போல ஓசை. மனிதர் முகம் சுளித்தார். "அடி முழுக்கக் கூடுங்க. அறுத்தால் கூலிக்கே கட்டாது. கொப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்." முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டார். மாமாவுக்கு என்மேல்தான் கோபம், நான்தான் அந்தப் பொந்தைக் குடைந்தது போல.

ஜூன் 30, ஞாயிறு

கொப்புகள் போய்விட்டன. முண்டமாக நிற்கும் அடிமரத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. பொந்தின் வாயில் வெள்ளைப் பட்டாகத் திரை. இரண்டு வாரமாகத் தினமும் டார்ச் அடித்துப் பார்க்கும் பண்ணையாள் ஒருநாள்கூட அது வெளியே வரவில்லை என்றார். ரம்பச் சத்தத்தில் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

சாகவில்லை, சட்டை உரித்திருக்கிறது. மரத்தடியில் பழைய தோல் கிடந்தது. எட்டுக் காலும் நகமும் விஷப்பல்லும் அப்படியே இருக்க, முதுகு மூடி மட்டும் டப்பா மூடி போலத் திறந்திருந்தது. எடையே இல்லை, வெங்காயச் சருகைத் தூக்கியது போல இருந்தது. ஒரு முன்காலை வெயிலில் திருப்பினேன். அதே மஞ்சள், துளி வெளுப்பில்லை. பையிலிருந்த கலர் கார்டை எடுத்து வைத்துப் பார்த்தேன், எதிலும் பொருந்தவில்லை. அமுச்சி தள்ளி நின்றபடி, "அதைச் சாளைக்குள் கொண்டு வராதே சாமி" என்றார். வெற்றிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

இந்த மஞ்சளை யார் பார்ப்பதற்கு என்பது எனக்கு இன்னும் புதிர்தான். பூனையோ பறவையோ மிரளலாம். டாரன்டுலாக்களுக்கே நிறம் தெரியாது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வு, நிறப் பார்வைக்கு வேண்டிய புரத மரபணுக்கள் அவற்றிடம் இயங்குகின்றன என்றது.

ஜூலை 21, ஞாயிறு

சாரல். இரவு எட்டரை. அடிமரத்தில் இன்னொன்று: ஒடிசல் உடம்பு, நீளக் கால், மங்கலான நிறம். ஆண். பொந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று முன்னுறுப்புகளால் பட்டையைத் தட்டியது. நிறுத்தியது. உடம்பை ஒரு நடுக்கு நடுக்கியது. மறுபடி தட்டியது. வியாபாரி கோடாலியால் தட்டிய அதே இடம்.

பட்டுத்திரை உள்ளிருந்து அசைந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு மோட்டார் போடப் போனேன்.