பசளைக் காசு வயல் வைத்திருப்பவருக்கா, வயல் செய்பவருக்கா?

மாரி மழையோடு வரும் பெரிய நெற்போகமான காலபோகம் தொடங்கினால் கிளிநொச்சியில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். பசளைக் காசு, அதாவது அரசாங்கத்தின் உரமானியம், வந்துவிட்டதா, யாருடைய கணக்குக்கு வந்தது? இதில் இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2024 ஒக்டோபரில் நெல்லுக்கான உரமானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவில் இருந்து 25,000 ஆகக் கூட்டினார்கள், அதுவும் 2 ஹெக்டேயர் வரைக்கும்தான். எங்கள் கணக்கில் ஏக்கருக்குப் பத்தாயிரம் சொச்சம். 2022இல் ஒரு மூடை யூரியா முப்பதாயிரத்தைத் தாண்டி விற்றதைக் கண்ட சனத்துக்கு அந்தப் பத்தாயிரத்தின் பெறுமதி தெரியும்.

நோக்கத்தைப் பார்த்தால் இது பயிர் செய்பவருக்கான காசு. ஆனால் கமக்காரரைப் பதிகிற அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துப் பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போகும். வன்னியில் வயல்காணியின் சொந்தக்காரர் கனடாவில் இருப்பார், பதிவு யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பியின் பெயரில் இருக்கும், வயலில் இறங்கி நிற்பது மூன்றாவது ஆள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, போரில் கணவரை இழந்தவர், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஒன்றின் கீழ் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார். உழவு, விதைநெல், களைநாசினி, வெட்டுக்கூலி எல்லாம் அவருடைய காசு, கடனும் அவருடையது. மானியம் மட்டும் வேறொருவரின் கணக்கில் விழுகிறது. "கேட்டால் அடுத்த முறை காணி தரமாட்டினம் தம்பி" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

ஏன் குத்தகையை எழுத்தில் வைப்பதில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1958இன் நெற்காணிச் சட்டம் தொடங்கி 2000இன் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, வாரக்குடியாக, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து வயல் செய்பவராக, பதிந்தவரைக் காணியில் இருந்து லேசில் எழுப்ப முடியாது. ஏழைக் கமக்காரரைக் காக்கத்தான் அப்படி வைத்தார்கள், அது தேவையானதும்கூட. ஆனால் பெயர் பதிந்தால் காணி கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் சொந்தக்காரர் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடுகிறார். குடியேற்றத் திட்டக் காணிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்கவே முடியாது, ஆகவே அந்தக் குத்தகை எந்தக் கடதாசியிலும் இருக்காது. இடம்பெயர்வில் காணிப் பத்திரங்களையே தொலைத்துவிட்டு வந்த குடும்பங்களின் அலைச்சலைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

மூடைக்கு 350 ரூபா என்று பசளையாகக் கொடுத்த காலம், 2016இல் காசாக மாற்றியது, 2018இல் திரும்பவும் 500 ரூபா மூடை, 2021இல் இரசாயனப் பசளைக்கே தடை, பிறகு மறுபடி காசு. கொடுக்கிற விதம் இத்தனை தரம் மாறியது, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

காசு வருகிற நேரமும் ஒரு பிரச்சினை. விதைத்து இரண்டு மூன்று கிழமைக்குள் முதல் பசளை எறியவேண்டும். பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்துக்கு வந்தபிறகு வருகிற காசு கடைக் கடனுக்குத்தான் போகும், அதற்குள் வட்டியும் ஏறிவிடும். முல்லைத்தீவில் நிலக்கடலை போடுகிறவர்களும் வவுனியாவில் உழுந்து போடுகிறவர்களும் எங்களை என்ன மறந்துவிட்டார்களா என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மானாவாரியை நம்பி இருப்பவர்களின் ஆபத்து குளத்துத் தண்ணீரில் செய்பவர்களை விடப் பெரிது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படி இல்லை. காசு வந்த அன்றே குத்தகைக்காரரிடம் கொண்டுவந்து கொடுக்கிறவர்களையும், குத்தகை நெல்லில் கழித்துவிடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அரசாங்கத்தின் காசு ஒருவருடைய நல்ல மனதை நம்பி ஏன் இருக்கவேண்டும்?

என் யோசனை இதுதான். அந்த ஒரு போகத்துக்கு மட்டும் செல்லுபடியாகும், காணி உரிமை எதையும் உண்டாக்காத ஒரு பயிர்ச்செய்கைப் பதிவைக் கொண்டுவாருங்கள். போகம் தொடங்க முன் கமக்காரரைக் கூட்டி வைக்கும் காலபோகக் கூட்டம் நடக்கும்போதே வாய்க்கால் வாரியாக, இந்த வயலை இந்த முறை செய்வது இவர் என்று கமக்காரர் அமைப்பு எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். யார் எந்த வயலில் நிற்கிறார் என்பது அந்த வாய்க்காலில் எல்லாருக்கும் தெரியும்.